பேயோட்டும் பொத்தான்

வீட்டில் அவளுக்குச் சாயம் என்று பட்டப்பெயர். வைத்தது அக்கா. தங்கை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிறர் எடுத்த படங்களுக்கெல்லாம் நிறம் ஏற்றுவதையே பிழைப்பாக்கிக்கொண்டதால் வந்த பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. செய்கிற வேலையைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது என்பாள். "கொஞ்சம் ஓவரா மினுக்கிட்டியோ?" என்று யாராவது கேட்டால்தான் கோபம் மூக்குக்கு மேலே வரும். அப்படிக் கேட்காதவர்கள் குறைவு என்பதால் அவள் மூக்கு எப்போதும் சிவந்தே இருந்தது.

அக்கா, அத்தான், சாயம் மூவரும் ஒரே வீட்டில் மூன்றாவது மாடியில் இருந்தார்கள். அத்தான் போட்டோகிராபர். மிக்ஸி, சோபா, செருப்பு என்று கடைக்காரர்களின் விளம்பரங்களுக்குப் படமெடுப்பவர். அவர் எடுப்பார், இவள் திருத்துவாள். பின்னறைச் சுவர்களுக்கு அவளே சாம்பல் நிறம் அடித்து, ஜன்னலுக்கு ஒரு தடித்த போர்வையையும் கட்டியிருந்தாள். சுவரில் வேறு நிறம் இருந்தால் கண் அதற்குத் தகுந்தபடி தாளம் போட்டு, படத்தின் நிறத்தைத் தப்பாகச் சொல்லிவிடும் என்பது அவள் கட்சி. டீ கொண்டுவரும்போதெல்லாம் அக்கா, "இந்த ரூம்ல எப்பவும் மழை வரப்போற மாதிரியே இருக்கு" என்பாள்.

செருப்பும் சோபாவுமாகப் போய்க்கொண்டிருந்த இந்தக் குடும்பத்துக்கு அந்த வருடம் ஒரு நெசவாலை வாய்த்தது. பல காலமாக மூடிக் கிடந்த ஆலை. அதைக் காட்சிக்கூடமாக மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த பழைய மெஷின்களைப் படமெடுத்துத் தரச் சொல்லி அத்தானைக் கூப்பிட்டார்கள்.

அங்கே படமெடுப்பது செருப்பைப் படமெடுப்பது போலல்ல. கூடம் இருட்டு, ஜன்னல் மட்டும் வெள்ளையாக எரியும். ஜன்னலைப் பார்த்து எடுத்தால் மெஷின் கரிக்கட்டையாகிவிடும். மெஷினைப் பார்த்து எடுத்தால் ஜன்னல் வெறும் சுண்ணாம்பு. ஆகவே கேமராவை ஸ்டாண்டில் ஆடாமல் நிறுத்தி, ஒரே காட்சியை மிக இருட்டாக ஒன்று, மிக வெளிச்சமாக ஒன்று, இடையில் மூன்று என்று ஐந்து தடவை எடுப்பார்கள். எச்.டி.ஆர். என்று அதற்குப் பெயர். ஐந்தையும் அடுக்கி, ஒவ்வொன்றிலும் நன்றாக விழுந்த இடத்தை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரே படமாகச் சேர்ப்பது சாயத்தின் வேலை.

இதில் ஒரே ஒரு தொல்லை உண்டு. ஐந்தும் எடுத்து முடிப்பதற்குள் காட்சியில் எது அசைந்தாலும், சேர்த்த படத்தில் அது அரைகுறையாக, இருந்தும் இல்லாமலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். தொழிலில் அதைப் பேய் என்பார்கள். மென்பொருளில் அதை விரட்டவே ஒரு பொத்தான் இருக்கிறது. வீட்டில் அதற்குப் பேயோட்டும் பொத்தான் என்றே பெயராகிவிட்டது. ஒருமுறை அத்தான் லிஃப்டில் நின்றுகொண்டு போனில், "நடுவுல ஒரு ஆள் பேயா நிக்கிறாரு, பார்த்து ஓட்டி விட்டுடு" என்று சாதாரணமாகச் சொல்ல, கூட வந்த கீழ்வீட்டுக்காரர் அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குப் படிக்கட்டுதான்.

ஆலையின் நடுக்கூடத்தில் ஒரு நீராவி எஞ்சின் இருந்தது. ஆள் உயரத்தைத் தாண்டும் ஒரு பெரிய சக்கரமும், அதைச் சுழற்ற ஒரு பிஸ்டனும் தண்டும். ஒரு காலத்தில் தறிகள் அத்தனையையும் ஓட்டியது அதுதான். திரும்புகிற எஞ்சினாக இருந்தால் ஒரு மோட்டாரை மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டு வருகிறவர்களுக்குக் காட்டலாம், திரும்பாத இரும்புக்கு அவ்வளவு பெரிய இடத்தைத் தர முடியாது என்று காட்சிக்கூடத்தின் மேனேஜர் சொல்லிவிட்டார். எஞ்சினியரம்மா ஒருவர் ஆட்களோடு வந்து, மூட்டுக்கு மூட்டு எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்து, கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தார். சக்கரம் அசைந்து கொடுக்கவில்லை. இறுகிப் போய்விட்டது, வெள்ளிக்கிழமை வெட்டி எடுத்துவிடலாம் என்று முடிவாகிவிட்டது. எஞ்சின் போன இடத்தில், பின்சுவர் முழுவதையும் அடைத்து, அதன் படத்தை ஒட்டப் போகிறார்கள்.

அந்தப் படம் சாயம் சேர்த்த படம்.

கீழ்மூலையில் அத்தான் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரும் வரும் என்று மேனேஜரே சொல்லியிருந்தார். இதுவரை அவள் பெயர் எந்தப் படத்துக்குக் கீழும் வந்ததில்லை. செருப்புப் படத்துக்கு யார் பெயர் போடுவார்கள்? அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் குளிக்கப் போனால்கூட அந்தச் சுவர் கூடவே வந்தது. அந்த எஞ்சினை அவள் நேரில் பார்த்ததே இல்லை. திரையில் பார்த்துப் பார்த்தே அதன் ஒவ்வொரு திருகாணியும் அவளுக்கு அத்துபடி. எந்த நட்டுக்குத் தலை தேய்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

புதன்கிழமை மதியம் மேனேஜர் ஒரு துண்டை மட்டும் முழு அளவில் அச்சிட்டுப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். எல்லாம் பிரமாதம், சக்கரத்தின் ஒரு ஆரக்கால் ஓரம் மட்டும் குழைந்த மாதிரி இருக்கிறது, பார்த்துச் சரி செய்யுங்கள் என்றார். சாயத்துக்கு மூக்கு சிவந்தது. ஆனாலும் படத்தைத் திறந்து அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். மனிதர் சொன்னது நிஜம். ஆரக்காலின் ஓரம் ஈரத்துணியால் இழுத்துத் துடைத்தது போல இருந்தது.

அவள் வழக்கமாக ஐந்து படங்களையும் போட்டவுடன் பேயோட்டும் பொத்தானை அழுத்திவிடுவாள். பேய் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்ப்பதில்லை. இப்போது முதல்முறையாக அதை அணைத்துவிட்டுப் படங்களைச் சேர்த்தாள். ஆரக்காலுக்குப் பக்கத்தில் மெல்லிசாக இன்னொரு ஆரக்கால் நின்றது. கொஞ்சம் மேலே போனால் சக்கரத்தின் விளிம்புக்கு உள்ளே இன்னொரு விளிம்பு.

முதலில் ஸ்டாண்டு ஆடியிருக்கும் என்றுதான் நினைத்தாள். ஸ்டாண்டு ஆடினால் எல்லாமே ஆட வேண்டும். ஜன்னல் கம்பிகளைப் பார்த்தாள், ஐந்து படத்திலும் ஒரே இடம். தரையில் பதித்திருந்த போல்ட்டுகளும் அப்படியே. சக்கரமும், அதோடு சேர்ந்த பிஸ்டன் தண்டும் மட்டும் முதல் படத்தில் ஓரிடத்தில் இருந்தன, கடைசிப் படத்தில் விரலளவு தள்ளி இருந்தன. துருவேறிய தண்டில், அதுவரை உள்ளே மறைந்திருந்த ஒரு கீற்று பளபளப்பாக வெளியே வந்திருந்தது. அந்தப் பளபளப்பு அவள் ஏற்றியது இல்லை.

அத்தான் ஹாலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், நீங்க படமெடுக்கும்போது யாராவது அந்தச் சக்கரத்தைத் தொட்டாங்களா?"

"சே, யாரும் தொடலையே. தொடாதேன்னு அங்கே அவ்வளவு பெரிய போர்டு வெச்சிருக்காங்க."

"அது அசைஞ்சிருக்கு."

"இறுகிப்போன சக்கரம் எப்படிம்மா அசையும்? ஸ்டாண்டு ஆடியிருக்கும்."

"ஸ்டாண்டு ஆடினா ஜன்னலும் ஆடணும்ல?"

அத்தான் டம்ளருக்குள் பார்த்தார். "பேய்தானே? வழக்கம்போல ஓட்டி விடு. ஓரத்தைக் கையால ஒட்டுப் போட்டு அனுப்பிடு. நாளைக்கு அச்சுக்குப் போகணும்."

சாயம் அறைக்குத் திரும்பினாள். ஒட்டுப் போடுவது பெரிய வேலை இல்லை, டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். ஆனால் கை போகவில்லை. திரும்பாத சக்கரம் ஏன் திரும்பியது என்ற கேள்வி மண்டையைக் குடைந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அவள் குணமே அப்படி. சின்ன வயதில் வீட்டு அலாரம் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு அடி வாங்கியவள்.

சக்கரத்தின் விளிம்பில், அது எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்ட ஒரு அம்புக்குறி வரைந்திருந்தது. சக்கரம் அசைந்திருந்தது அதற்கு எதிர்ப்பக்கம். அம்புக்கு எதிராக யார் இழுத்திருப்பார்கள் என்று ஐந்து படங்களையும் மூலத்தில், தன் கைபடாத நிலையில், ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். படத்தின் கீழ் ஓரத்தில், ஒரு ஆரக்காலின் மேல் கறுப்பாக ஒரு பட்டை கிடந்தது, அதன் மீதி சக்கர விளிம்புக்குப் பின்னால் மறைந்திருந்தது. அவளுக்கு அது ஞாபகம் இருந்தது. பழைய பெல்ட்டுத் துண்டு என்று நினைத்து முதல் நாளே அழித்துவிட்டிருந்தாள். இப்போது பெரிதாக்கினால் அந்தப் பழைய பெல்ட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருந்தது. ஓரத்தில் ஆரஞ்சு நூலில் தையல் வேறு.

சாயம் எழுந்து போய் வாசல் கதவுக்குப் பின்னால் தொங்கிய அத்தானின் கேமராப் பையின் வாரைப் பார்த்தாள். ஆரஞ்சு நூல் அவளைப் பார்த்துச் சிரித்தது.

"அத்தான், அன்னைக்குப் பையை எங்கே வெச்சிருந்தீங்க?"

அத்தான் பதில் சொல்வதற்கு முன்னால் அக்காவைப் பார்த்தார். அதிலேயே கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

"தரையெல்லாம் எண்ணெய்ம்மா. அந்த எஞ்சினியர் ஆளுங்க ஊத்தி வெச்சிட்டுப் போயிட்டாங்க. பையோ புதுசு. ஸ்டாண்டுல மாட்டலாம்னா கொக்கி ஒடிஞ்சு கிடக்கு. கொஞ்ச நேரம்தானேன்னு..."

"தொடாதேன்னு போர்டு இருக்குன்னு சொன்னீங்களே?" என்றாள் அக்கா.

"போர்டுக்குக் கொஞ்சம் மேலே மாட்டினேன்."

அக்கா சிரித்த சிரிப்பில் டீ புரையேறியது. சாயமும் சிரித்தாள். அத்தானும் தப்பித்தோம் என்று சேர்ந்து சிரித்தார். பிறகு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு அடங்கியது. ஒரு பையைத் தாங்காமல் அசைகிற சக்கரம் இறுகிப்போன சக்கரம் இல்லை. அது திரும்பும் என்று தெரிந்தால் எஞ்சினை வெட்டமாட்டார்கள். வெட்டாவிட்டால் சுவருக்கு முன்னால் எஞ்சின் நிற்கும். அங்கே படத்துக்கு வேலையே இல்லை.

"இது நமக்கு மட்டும்தான் தெரியும்" என்றார் அத்தான் தணிந்த குரலில். "நானும் இத்தனை வருஷமா செருப்பைத்தான் எடுத்துக்கிட்டிருக்கேன். உன் பேரும் வருதும்மா. அதை வெட்டச் சொன்னது நாமளா?"

அவர் சொன்னதில் பொய்யும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் சாயத்துக்குக் கஷ்டமாக இருந்தது. அக்காவைப் பார்த்தாள்.

"என்னை இழுக்காதே. நான் ரெண்டு பக்கமும் வாயைத் திறக்கமாட்டேன்" என்றாள் அக்கா. "ஆனா ஒண்ணு, தெரிஞ்சுக்காம விட்டா உனக்குச் சோறு இறங்காது. அதை நான்தான் பார்த்துக்கிட்டு உட்காரணும்."

சாயம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு அந்தச் சுவர் வேண்டும். சும்மா இல்லை, அழுகை வருகிற அளவுக்கு வேண்டும். பொத்தானை அழுத்தினால் பேய் போய்விடும், படம் அச்சுக்குப் போகும், வெள்ளிக்கிழமை எஞ்சினும் போய்விடும். சுட்டியைப் பொத்தானின் மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு, ஒரு பக்கம் திரும்பும் சக்கரம் கடப்பாரைக்கு ஏன் திரும்பவில்லை என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அம்புக்குறிப் பக்கம் ஏதோ தடுக்கிறது. தடுப்பது எஞ்சினுக்குள் எங்கோ இருட்டில் இருக்க வேண்டும். ஐந்தில் மிக வெளிச்சமான படத்தைத் திறந்து, மெஷினின் அடிவயிற்றில் வெளிச்சத்தை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். இவ்வளவு ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்துபோய்ப் பார்க்கச் சகிக்காது. வாடிக்கையாளர் பார்த்தால் காறித் துப்புவார். அந்தப் பொரியலுக்கு நடுவே பிஸ்டன் தண்டின் முனையில் இருந்த இரும்புக்கட்டி முன்னும் பின்னும் சறுக்கிப் போகிற பள்ளம் தெரிந்தது. பள்ளத்தின் கோடியில், எண்ணெய் குடித்துக் கறுத்துப்போய், இரும்போடு இரும்பாக ஒரு துண்டு. அதன் மேல் நெளிநெளியாகக் கோடுகள் ஓடின. இரும்புக்கு ரேகை கிடையாது. அது மரம்.

சாயம் அந்த மரத்துண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவர் கொஞ்ச நேரத்துக்கு நினைவிலேயே இல்லை.

மறுநாள் காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குக் கிளம்பினாள். அத்தான் பையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது, ஆனாலும் வந்தார்.

நடுக்கூடத்தில் எஞ்சினை முதல்முறையாக நேரில் பார்த்தபோது அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதுவா அது? திரையில் தேன்நிறத்தில் ஜொலித்த இரும்பு இங்கே அழுக்குச் சாம்பலாக, தூசியோடு, நினைத்ததைவிடச் சின்னதாக நின்றது. தலை தேய்ந்த நட்டை மட்டும் தேடிக் கண்டுபிடித்து, விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் வெட்டுக்காரர்களின் கேஸ் சிலிண்டர்கள் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தன. பின்சுவருக்குப் புது வெள்ளை அடித்து, படத்துக்கு அளவெடுத்து மூலைக்கு மூலை பென்சிலில் குறி போட்டிருந்தார்கள்.

எஞ்சினியரம்மா குட்டையான, சுறுசுறுப்பான ஆள். தலைக்கவசத்துக்கு மேலே மூக்குக்கண்ணாடியைத் தூக்கி வைத்திருந்தார். சாயம் சொன்னதைப் பாதிவரை கேட்டார்.

"நீங்கதானே இதை நகைக்கடை மாதிரி மினுக்கினது?"

"ஆமா, நான்தான்."

"அழுக்கு இரும்பைத் தங்கமாக்கத் தெரிஞ்சவங்களுக்குச் சக்கரத்தை ஒரு விரல் நகர்த்தத் தெரியாதா? நான் ஒரு வாரம் எண்ணெயில ஊறவெச்சு நெம்பியிருக்கேன். என் காதுல பூ சுத்தாதீங்க."

சாயத்துக்குச் சுரீர் என்றது. மூலப்படங்கள் ஐந்தையும் திறந்து வைத்தாள். மினுக்கல் ஒன்றுமில்லாத, கறுத்தும் வெளிறியும் கிடந்த அசல் படங்கள். முதலையும் கடைசியையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். ஜன்னல் நின்றது. சக்கரம் நகர்ந்தது, திரும்ப வந்தது, நகர்ந்தது. எஞ்சினியரம்மா தலைக்கவசத்திலிருந்து கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார்.

"தண்டும் சேர்ந்து வந்திருக்கே" என்றார். குரலில் இருந்த சூடு போய்விட்டது. "அம்புக்கு எதிர்ப்பக்கமா? அந்தப் பக்கம் நான் கையே வைக்கலை. எதிரே சுத்தினா உள்ளே ஏதாவது ஒடிஞ்சிடும்னு பயம். யார் இழுத்தது?"

அத்தான் பையைக் கழற்றி முன்னால் நீட்டினார். போர்டை ஒருமுறை பார்த்தார். எஞ்சினியரம்மாவும் போர்டைப் பார்த்தார், பிறகு அத்தானைப் பார்த்தார்.

"எங்கே மாட்டினீங்களோ அங்கேயே மாட்டுங்க" என்றார்.

அத்தான் பையை ஆரக்காலில் மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெட்டுக்காரரும் வந்து சேர்ந்திருந்தார். அது அசைய வேண்டும் என்று சாயம் வேண்டிக்கொண்டாள். அசையாமல் இருந்தால் சுவர் நம்முடையது என்றும் அதே மனசு சொன்னது. எது நடந்தாலும் தாங்காது என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

எங்கோ அடியில் எண்ணெய் உறிஞ்சுவது போல ஒரு சத்தம். பிறகு மெதுவாக, இரும்பு இரும்பின் மேல் சறுக்கிப் போகிற சத்தம். "அம்மாடி" என்றார் வெட்டுக்காரர்.

அவள் கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பை முன்பிருந்ததைவிட ஒரு சாண் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினியரம்மா ஏற்கெனவே தரையில் எண்ணெயோடு எண்ணெயாகப் படுத்து, டார்ச் அடித்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் போய்விட்டார். வெளியே அவருடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"மரக்கட்டைதான்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "மூடும்போது யாரோ அண்டை கொடுத்திருக்காங்க, சக்கரம் தானா சுத்தி யாரையும் அடிச்சிடக் கூடாதுன்னு. நாங்க நெம்பினதெல்லாம் இந்தக் கட்டையை இன்னும் உள்ளே இறுக்கியிருக்கு. இப்போ லூசாயிடுச்சு, கையோட வருது." கட்டையோடு எழுந்து வந்தார். முகத்தில் பாதி கறுப்பு. அதை அங்கேயே கீழே வைத்துவிட்டு மேனேஜருக்குப் போன் போட்டார்.

அவர் பேசி முடிப்பதற்குள் வெட்டுக்காரர் சிலிண்டர்களை உருட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். அத்தான் பின்சுவரின் பென்சில் குறிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு பெரிய சுவர்" என்றார்.

"ஆமா அத்தான்."

"உனக்கு வருத்தமே இல்லையா?"

"வயிறு எரியுது" என்றாள் சாயம். கண் கலங்கித்தான் இருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. எஞ்சினியரம்மா போனை வைத்ததும் அவரிடம் போனாள்.

"இன்னொரு தடவை அசைக்க முடியுமா? நான் பார்க்கலை."

"பார்க்கலையா? இவ்வளவு தூரம் வந்து எங்களையெல்லாம் தலைகீழா நிக்கவெச்சிட்டு, அசையும்போது என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"கண்ணை மூடிட்டேன்."

எஞ்சினியரம்மா பையைத் தூக்கி அத்தான் கையில் கொடுத்தார். "தொடாதே" போர்டைத் தூக்கி ஒரு ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"இனிமே பை எதுக்கு? இங்கே வந்து நில்லுங்க. அம்புக்குறிப் பக்கமாத் தள்ளுங்க. அவசரப்படாதீங்க, அது வரும்."

சாயம் இரண்டு உள்ளங்கைகளையும் விளிம்பில் வைத்தாள். இரும்பு ஜில்லென்று இருந்தது. முதலில் மலையைத் தள்ளுவது போல இருந்தது. பிறகு கைக்கு அடியில் ஏதோ இளகியது. ஆரக்கால் ஒன்று அவள் முகத்தைக் கடந்து மேலே போனது, அடுத்தது வந்தது. தண்டு பளபளப்பை உள்ளே இழுத்துக்கொண்டது, மறுபடி வெளியே விட்டது. வெள்ளைச் சுவரில் பென்சில் குறிகளுக்கு நடுவே சக்கரத்தின் நிழல் சுற்றியது.

"படம் எடுக்கட்டுமா?" என்று பின்னாலிருந்து அத்தான் கேட்டார்.

"வேண்டாம் அத்தான். இது முழுக்கப் பேயாத்தான் விழும்" என்று சொல்லிவிட்டு, கண்ணைச் சிமிட்டாமல் மறுபடியும் தள்ளினாள்.